பட்டறைத் தெரு – 11: நடுவில் விரியும் தகடு

போன வாரம் ஷியரிங் மெஷினோடு நிறுத்தியிருந்தோம். வெட்டிய தகடு அடுத்துப் போய்ச் சேரும் இடம் பெண்டிங் மெஷின். பொழிச்சலூர், பம்மல் பக்கத்துச் சின்ன ஷெட்டுகளில் பேனல் போர்டு பெட்டியோ பீரோ கதவோ மடிக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சீக்கிரமே ஒரு புகார் வந்துவிடும். எட்டடித் தகட்டை மடித்தால் இரண்டு முனையிலும் மூலைமட்டம் கச்சிதமாக உட்காருகிறது. நடுவில் மட்டும் மடிப்பு விரிந்து நிற்கிறது. உடனே பழி தகட்டின் மேல் விழும்: "சரக்கு சரியில்லண்ணே."

தகட்டின் மேலும் தப்பு இருக்கலாம். ஒரே ஷீட்டில்கூடக் கனம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். ஆனால் எந்தத் தகட்டைப் போட்டாலும் விரிவது நடுவில்தான் என்றால், பார்க்க வேண்டியது மெஷினை. 2 மி.மீ. எம்.எஸ். தகட்டை 16 மி.மீ. வாய் உள்ள வி-டையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு மடிக்கச் சுமார் 16 டன் அழுத்தம் வேண்டும். எட்டடிக்கு 40 டன். ஹைட்ராலிக் மெஷினில் அந்த அழுத்தத்தை இரு முனைகளில் உள்ள சிலிண்டர்கள் கொடுக்கின்றன. மேலே ராம் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைகிறது, கீழே பெட் கீழ்நோக்கித் தொய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் தகட்டை வளைக்கும் நேரத்தில் மெஷினும் வளைகிறது. பஞ்ச் நடுவில் போதிய ஆழம் இறங்குவதில்லை.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு? அதே 16 மி.மீ. டையில், 90 டிகிரிக்குப் பக்கத்தில், பஞ்ச் 0.1 மி.மீ. குறைவாக இறங்கினால் கோணம் ஏறக்குறைய 0.7 டிகிரி விரியும். ஜெராக்ஸ் பேப்பர் ஒன்றின் கனமும் கிட்டத்தட்ட 0.1 மி.மீ.தான். டைக்கு அடியில், நடுவில், காகிதத்தை மடித்துச் செருகுகிற பழைய வைத்தியம் ஏன் பலிக்கிறது என்பது இப்போது புரியும். விலை கூடிய மெஷின்களில் 'கிரௌனிங்' என்று ஆப்புகளை வைத்து பெட்டின் நடுவைத் தூக்குவதும் இதே வேலைதான். அதனால் காகிதம் வைப்பவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. என் சண்டை, வைத்ததை மறந்துவிடுகிறவரோடு. மறுநாள் நடுவில் வைத்து அரையடித் துண்டு மடித்தால் அழுத்தம் குறைவு, மெஷின் வளையாது. காகிதம் மட்டும் இருக்கும், கோணம் உள்ளே போய்விடும். அதோடு டன் கணக்கான அழுத்தத்தில் காகிதம் நசுங்கவும் செய்யும். பித்தளை ஷிம் வைப்பது மேல்.

ஆனால் ஷிம் வைப்பது கடைசிக் கட்ட வேலை. முதலில் ரசமட்டம். கொத்தனார் கையில் இருப்பது இதற்குப் போதாது, மீட்டருக்கு 0.02 மி.மீ. வித்தியாசத்தைக் காட்டும் நுண்மட்டம் வேண்டும். பெட்டை நீளவாக்கிலும் குறுக்கிலும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டி இந்தப் பக்கத்துத் தெருக்களுக்குள் வந்தது. அப்படி வெள்ளம் வடிந்த பிறகு மோட்டாரைக் கழற்றிக் காயவைக்க எல்லாருக்கும் தோன்றும். ஊறிய மண் இறங்கி மெஷினின் ஒரு கால் தாழ்ந்திருக்குமோ என்று மட்டம் பார்க்கத் தோன்றுவது அபூர்வம். தரை சாய்ந்திருக்க கன்ட்ரோலரில் எண்ணைத் தட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை.

மட்டம் சரியானதும் டயல் கேஜ் வைத்து ராமின் இரு முனையும் பெட்டிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சி.என்.சி. மெஷினில் Y1, Y2 என்று இரு பக்கத்தையும் தனித்தனியாகத் திருத்தலாம். பிறகு சோதனைத் துண்டு. இடம், நடு, வலம் என்று மூன்று சின்னத் துண்டுகளை ஒன்றாக வைத்து மடித்தால் ராமின் சாய்வு தெரியும்; நடுத்தொய்வு தெரியாது, ஏனென்றால் அந்த அழுத்தத்துக்கு மெஷின் வளைவதே இல்லை. தொய்வைப் பிடிக்க முழு நீளத் தகடு ஒன்றைப் பலிகொடுத்தே ஆக வேண்டும். எஸ்.எஸ். வேலைக்கு எஸ்.எஸ்.ஸில்தான் சோதிக்க வேண்டும், அது எம்.எஸ்.ஸைவிட அதிகமாகத் திரும்பி எழும். காலையில் மெஷினைப் போட்டதும் வரும் முதல் மடிப்பையும் நம்பக் கூடாது. எண்ணெய் சூடேறும்வரை ராமைச் சும்மா ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கலாம்.

பேக் கேஜைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: மடித்த விளிம்பின் அகலம் இரு முனையிலும் ஒன்றாக இருந்தால் போதும்.

கோணத்தை அளக்கும் பெவல் புரொட்ராக்டர் சரியா என்பது தனிக் கேள்வி. வெர்னியர் உள்ளது 5 நிமிடம் வரை, அதாவது ஒரு டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை காட்டும். கீழே விழுந்து முனை மழுங்கியிருந்தால் அந்த நுணுக்கத்துக்கு அர்த்தமில்லை. கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. சோதனை மையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்று தருகிறார்கள். பொழிச்சலூரிலிருந்து அது ஒன்றும் தொலைவில்லை. ஆடிட் வரப்போகிறது என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகும் வழக்கம் இருக்கிறதே, அதை ஆர்டர் கொடுக்கும் கம்பெனிகளும் சேர்ந்துதான் வளர்த்திருக்கின்றன: சான்றிதழைக் கேட்கிறார்கள், முழு நீளச் சோதனைத் தகட்டுக்கு விலை தர மறுக்கிறார்கள்.

(தொடரும்)