மோட்டார் ஓடும் நேரத்தில் ஒரு கடுங்காப்பி

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் பிச்சியும் மல்லியும் கொண்டுபோகிற வீடுகளில் பொழுது விடியும் முன்பே நாள் தொடங்கிவிடும். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கணவனும் மனைவியும் தோட்டத்தில் இறங்குகிறார்கள். பறித்த பூவை வீட்டுக்காரர் பைக்கில் வைத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். வீட்டம்மா பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, களை எடுக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்போது இவர் வீட்டில் இருக்க மாட்டார். இவர் வரும்போது அவர் டீக்கடையில் இருப்பார். ராத்திரி மூணு பேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் போட ஒருவர் எழுந்து போக வேண்டும்.

ஒரே தோட்டத்தில் பாடுபடுகிற இரண்டு பேர் ஒரு நாளில் பேசிக்கொள்வதைச் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவுதான் வரும்:

"பூ என்ன விலை போச்சு?"

"நேத்தைக்கு இன்னைக்குக் கம்மிதான்."

"சின்னவனுக்கு பீஸ் கட்டணுமாம். சொன்னேன்லா?"

"பாப்போம்."

இயற்கை வேளாண்மைக்கு மாறிய வீடுகளில் இது குறைந்திருக்கிறதா என்றால், இல்லை. நம்ம இதழில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். களைக்கொல்லியை நிறுத்திவிட்டோம் என்று கூட்டங்களில் பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் களையை இப்போது எடுப்பது யாருடைய கை? சாணி அள்ளுவது, ஜீவாமிர்தம் கரைப்பது, மூடாக்குக்குத் தழை சுமப்பது, விதை பொறுக்குவது என்று கூடின வேலையில் பெரும்பங்கு பெண்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது. மண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிற நாம், வீட்டம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்கிறோமா?

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற நம்ம பிள்ளைகள் "டேட் நைட்" என்று ஒன்று சொல்கிறார்கள். கல்யாணம் ஆனவர்களும் வாரத்தில் ஒரு ராத்திரியைத் தங்களுக்கென்று ஒதுக்கி, வெளியே போய்ச் சாப்பிட்டு, பேசிவிட்டு வருவது. கேட்கிற பெரியவர்கள் சிரிக்கிறார்கள். "எங்களுக்கு எதுக்குய்யா இந்த வயசுல அதெல்லாம்?" என்பார்கள். கூட இருக்கிற மதினிமார் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தத் திருப்பலுக்கு நாம் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிலுக்கு ஓட்டலும் சினிமாவும் தேவையில்லை. ரெண்டு டம்ளரும் கொஞ்சம் காப்பித்தூளும் போதும்.

டீக்கடைப் பெஞ்சு

நம்ம ஊர் ஆம்பளைக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று உண்டு. அது டீக்கடையில் இருக்கிறது. காலையில் ஒரு கிளாஸ், சாயங்காலம் ஒரு கிளாஸ், பேப்பர், அரசியல், மழை வருமா வராதா என்ற பேச்சு. கிளாஸ் 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 900 ரூபாய். வடையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பொம்பளைக்கு அந்த பெஞ்சில் இடமில்லை. இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராட்டம் நடந்த ஊர்கள் தென்மாவட்டங்களில் உண்டு. எல்லாரும் ஒரே பெஞ்சில், ஒரே கிளாஸில் குடிக்க வேண்டும் என்று நின்றவர்கள் நம் மரியாதைக்குரியவர்கள். ஆனால் அந்த பெஞ்சில் வீட்டுப் பெண்களும் உட்காரலாமே என்று அதிகம் பேர் கேட்கவில்லை. அவர்களுக்குக் காப்பி என்பது அடுப்படியில் நின்றுகொண்டே, எல்லாருக்கும் ஆற்றிக் கொடுத்த பிறகு, மிச்சத்தை ஆறிப்போய்க் குடிப்பது. நல்ல பால் சொசைட்டிக்குப் போய்விடும்; வீட்டுக்கு நிற்பது ஒரு உழக்கு. அதுவும் பிள்ளைக்கு.

அதனால் முதல் யோசனை இதுதான். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் டீக்கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கு அடுப்பில் தண்ணீர் வைப்பது வீட்டுக்காரர். வீட்டம்மா முதல் டம்ளரைச் சூடாக, உட்கார்ந்து குடிக்கட்டும். காப்பித்தூள் கிலோ 800 ரூபாய் என்றே போட்டாலும் ரெண்டு பேருக்கு 10 கிராம் போதும், 8 ரூபாய். கருப்பட்டி தனி.

காப்பி நம்ம சரக்கா?

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். "நீராகாரம் குடிச்ச ஊருய்யா இது. காப்பி வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே?" இந்தக் கோபம் புதிதில்லை. காப்பி பழையசோற்றை விரட்டிவிட்டது என்று நூறு வருஷத்துக்கு முன்பே நம்மவர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் காப்பி தமிழ் வீடுகளுக்குள் வந்த கதையைச் சொல்லியிருக்கிறார். செடி இந்தியாவுக்கு வந்தது வெள்ளைக்காரன் ஆட்சிக்கும் முன்பு. 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூஃபி பெரியவர் ஏமன் நாட்டிலிருந்து ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிற கதை. பெரிய எஸ்டேட்டாகப் பெருக்கியதுதான் வெள்ளைக்காரன்.

இன்றைக்கு ஏற்காடு, கொல்லிமலை, சிறுமலை, தாண்டிக்குடி, போடி மலை எல்லாம் காப்பி விளைகிற நம்ம மண். அங்கே சிறு விவசாயிகள் பலர் காப்பியைத் தனியாக வளர்ப்பதில்லை. மேலே நிழல் மரம், மரத்தில் மிளகுக் கொடி, இடையில் வாழை, ஆரஞ்சு, அடியில் காப்பி. பல அடுக்கு, பல பயிர். நாம் சமவெளியில் பாடுபட்டுக் கொண்டுவரப் பார்ப்பது அங்கே இருக்கிறது. நிழலை வெட்டி வெயில் விழவிட்டால் அரபிகா செடியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் ஏறும். மருந்தடித்து அடக்க முடியாத பூச்சி அது. மர நிழல்தான் முதல் காவல். நிழலில் விளைந்த காப்பியை நாம் வாங்கினால் மலையில் ஒரு விவசாயி மரத்தை வெட்டாமல் இருக்கிறார்.

கடையில் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சிக்கரி கலந்த தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படியென்றால் 49 வரை சிக்கரி இருக்கலாம். சிக்கரி ஒரு செடியின் வறுத்த வேர்; கெடுதல் இல்லை, ஆனால் காப்பியின் விலை கொடுத்து வேரை வாங்குகிறோம். நாலைந்து குடும்பம் சேர்ந்து மலை விவசாயிகளிடம் பச்சைக்கொட்டை வாங்கி, வேண்டியபோது இரும்புச் சட்டியில் வறுத்து இடித்துக்கொள்வது நல்லது. பச்சைக்கொட்டை மாதக்கணக்கில் இருக்கும். தூள் சில வாரத்திலேயே மணம் போய்விடும்.

குடித்தால் என்ன கிடைக்கும்

பல நாடுகளில் லட்சக்கணக்கானவர்களை வருஷக்கணக்கில் கவனித்துப் பார்த்ததில், தினம் காப்பி குடிக்கிறவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் கல்லீரல் சுருக்க நோயும் குறைவாக வருவதாகத் தெரிகிறது. நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோயும் அப்படியே. காப்பிதான் காரணம் என்று முழுதாக நிரூபணமானதில்லை. ஆனாலும் "காப்பி உடம்பைக் கெடுக்கும்" என்று மொத்தமாகச் சொல்வதற்கு இப்போது ஆதாரம் இல்லை. காப்பியால் புற்றுநோய் வரலாம் என்று 1991இல் சந்தேகப்பட்ட உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2016இல் அந்தச் சந்தேகத்தை விலக்கிக்கொண்டது. கூடவே ஒன்று சொன்னது: 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்க்கு ஆபத்து. நம்ம ஊரில் ஆற்றிக் குடிப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. சாப்பாட்டோடோ, சாப்பிட்ட கையோடோ காப்பி குடித்தால் கீரையிலும் கம்பிலும் கேழ்வரகிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் கழித்தோ குடிக்கலாம். பாடுபட்டு முருங்கைக்கீரை வளர்த்துச் சாப்பிட்டுவிட்டு, உடனே காப்பியை ஊற்றி அதை வீணாக்க வேண்டாம்.

தூக்கத்தைக் கெடுப்பது காஃபீன். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் பாதி உடம்பில் நிற்கும். ஏழு மணிக்குக் குடித்தால் நடு ராத்திரியில் பாதி பாக்கி. மூணு மணிக்குப் பூப்பறிக்க எழுந்திருக்கிறவர்களுக்கு இது சரிப்படாது. நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்கிறார்கள். மாசமாக இருக்கிற பெண்களுக்கு 200தான். அரபிகா தூளில் காஃபீன் ஏறத்தாழ 1.2 சதவீதம். மேலே சொன்ன 10 கிராமில் மொத்தமே 120, ஆளுக்கு 60. ரோபஸ்டா என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஆகவே சாயங்காலம் நாலு, ஐந்து மணி என்றால் காப்பி. பொழுது அடைந்த பிறகு என்றால் சுக்குமல்லிக் காப்பி. பேரில்தான் அதில் காப்பி உண்டு. சுக்கும் கொத்தமல்லியும் மிளகும் கருப்பட்டியும்தான். குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

கருப்பட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பனையேறுகிறவர்கள் பிழைக்க வேண்டும், அதனால் கருப்பட்டியே வாங்குவோம். ஆனால் சர்க்கரை நோய் இருப்பவர்கள் "கருப்பட்டிதானே, ஒண்ணும் செய்யாது" என்று இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது. அதுவும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

எங்கே உட்காருவது

வீட்டில் உட்கார்ந்தால் பிள்ளை கூப்பிடும், மாடு கத்தும், போன் அடிக்கும். மோட்டார் ஓடுகிற நேரம்தான் நல்ல நேரம். தண்ணீர் பாத்தியில் ஏறிக்கொண்டிருக்கும்போது வரப்பில் உட்கார்ந்திருப்பது எப்படியும் ஒருவரின் வேலை. அன்றைக்கு இரண்டு பேரும் போங்கள். பிளாஸ்கில் சுக்குக்காப்பி, ரெண்டு டம்ளர், வறுத்த கடலை. போனை வீட்டில் வைத்துவிடுங்கள். டார்ச் மட்டும் அவசியம். பாம்பு நடமாடுகிற நேரம்.

மாதம் ஒரு தடவை வெளியே போவது என்றால் கழுகுமலை பக்கம்தான், சுமார் 20 கிலோமீட்டர். ஒரே பாறையைக் குடைந்து, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோவில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. அதற்கு மேலே வரிசை வரிசையாகச் சமணச் சிற்பங்கள். மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், பாறையில் உட்கார்ந்து, வெயில் தாழ இறங்கி வரலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்த பஸ் வாய்த்தால் பாதிச் செலவுதான்.

நம்ம ஊருக்கே உரிய நாள் ஆடித்தபசு. சிவனையும் திருமாலையும் ஒரே உருவில் காண வேண்டும் என்று கோமதி அம்மன் தபசிருந்த கதை எல்லாருக்கும் தெரியும். தபசு அன்றைக்குப் பருத்தி, வத்தல், நெல் என்று விளைந்ததைக் கொண்டுவந்து அம்மன் சப்பரத்தின் மேல் சூறை விடுகிறோம். கல்யாணமான முதல் வருஷம் ஜோடியாகப் போகிறவர்கள், அப்புறம் பிள்ளை, மாமியார், கொழுந்தியாள் என்று கூட்டமாகப் போகத் தொடங்கிவிடுகிறார்கள். சாமி கும்பிட்டுவிட்டுக் கடைத்தெருவில் ஒரு அரை மணி நேரமாவது இரண்டு பேர் மட்டும் நடந்து வந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சொல்லட்டும்.

என்ன பேசுவது

இருபது வருஷம் பேசாமல் இருந்தவர்களுக்கு முதல் நாள் ஒன்றும் வராது. பரவாயில்லை, சும்மா உட்காருங்கள். பேச்சு வந்தால் வீட்டம்மா பேசட்டும், இவர் கேட்கட்டும். தோட்டத்தைப் பற்றியே பேசினாலும் தப்பில்லை. எந்தப் பாத்தியில் பூ குறைகிறது, எந்த விதையை நிறுத்த வேண்டும் என்பது குனிந்து வேலை செய்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். அதைக் கேட்காமல் பயிர்த்திட்டம் போடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

கடனைப் பற்றி என்ன செய்வது? நகை எத்தனை ரூபாய்க்கு அடகில் இருக்கிறது, யாரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறோம் என்பது பல வீடுகளில் மனைவிக்குத் தெரியாது. நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது. அதற்குள் அவர் ஒற்றை ஆளாக உள்ளேயே வெந்துபோயிருப்பார். சில வீடுகளில் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று நமக்குத் தெரியும். அதனால் மாதத்தில் ஒரு காப்பியைக் கணக்குக் காப்பியாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டை எடுத்து, வரவும் செலவும் கடனும் ஒளிக்காமல் இரண்டு பேரும் பார்ப்பது. மற்ற மூன்று வாரமும் கடன் பேச்சு கூடாது. இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் போட்டுக் கலக்கினால் அடுத்த வாரம் யாரும் உட்கார வர மாட்டார்கள்.

கடுங்காப்பி வைக்கும் முறை (வீட்டுக்காரர்களுக்கு)

ரெண்டு டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர். அதில் தட்டிய கருப்பட்டி, ஒரு எலுமிச்சம்பழ அளவு. கரைந்து கொதித்ததும் வடிகட்டிவிடுங்கள், மண் இருக்கும். மறுபடி அடுப்பில் வைத்து, பொங்கி வரும்போது ரெண்டு ஸ்பூன் தூளைப் போட்டு உடனே இறக்கி மூடுங்கள். தூளைப் போட்டபிறகு கொதிக்கவிட்டால் கசக்கும். மூன்று நிமிஷம் கழித்துத் துணியில் வடிகட்டலாம். பால் வேண்டுமென்றால் தனியாகக் காய்ச்சி, இறக்கிய பிறகு சேருங்கள். கருப்பட்டியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும்.

டம்ளரைக் கழுவி வைப்பதும் வைத்தவர் வேலைதான்.