காயம் ஆறும் நாட்கள்: பால்நிலைச் சத்திரசிகிச்சைக்குப் பின்னரான பராமரிப்பு

அரசாங்க வைத்தியசாலைகளில் முப்பது வருடங்களுக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பெரும் பகுதி சத்திரசிகிச்சை வார்ட்டுகளில் கழிந்தது. அபென்டிக்ஸ், ஹேர்னியா, நீரிழிவுக் கால் என்று எத்தனையோ காயங்களுக்கு மருந்து கட்டியிருக்கிறேன். அவற்றுள் ஒன்று மட்டும் இன்னும் மனதில் கிடக்கிறது. அது ஆற வேண்டிய விதத்தில் ஆறாமற் போனதற்கு நானும் ஒரு காரணம்.

அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். பெண் பிள்ளையாகப் பதியப்பட்டு, வளர்ந்தபின் ஆணாக வாழ்ந்து வந்தவர். இப்படிப்பட்டவர்களை இன்று திருநம்பி என்கிறார்கள். மனநல வைத்தியரின் கீழ் நீண்ட காலம் இருந்து, ஹோமோன் சிகிச்சையும் பெற்று, மார்பகங்களை அகற்றும் சத்திரசிகிச்சைக்காக வந்திருந்தார். முகத்தில் தாடி. அடையாள அட்டையோ பழையது. நமது அடையாள அட்டை இலக்கத்தில், பிறந்த தினம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது இருக்கும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். பெயரை மறைத்தாலும் இலக்கம் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே கட்டில் டிக்கட்டில் பெண் பெயர் எழுதப்பட்டது, பெண்கள் வார்ட்டில் கட்டில் கொடுக்கப்பட்டது.

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் காலை மருந்து கொடுக்கும்போது அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். வார்ட்டே திரும்பிப் பார்த்தது.

"மிஸ், அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட வேணாம்" என்றார் மெதுவாக.

"டிக்கட்டுல இருக்கிறதத் தானே கூப்பிடுற" என்றேன் நான்.

பகல் பார்வையாளர் நேரத்தில் மற்றக் கட்டில்களுக்கு வந்தவர்களும் அவரது கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்கள். அடுத்த நாள் விடிந்ததும், டொக்டர் வேண்டாம் என்று சொல்லியும், சொந்த விருப்பில் கையொப்பம் வைத்துத் துண்டு வெட்டிக் கொண்டு போய்விட்டார்.

அப்படிப் போனது ஏன் ஆபத்து என்பதை விளங்க, இந்தக் காயம் எப்படி ஆறுகிறது என்று தெரிய வேண்டும்.

மார்பகத் திசுவை அகற்றியதும் தோலுக்கும் தசைக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் உண்டாகும். அதில் இரத்தமும் நீரும் சேரும். அதை வெளியே எடுக்க இரு பக்கமும் மெல்லிய குழாய் வைத்து, முனையில் சிறு போத்தலைப் பொருத்துவார்கள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு வடிகிறது என்று அளந்து எழுத வேண்டும். 24 மணித்தியாலத்தில் சுமார் 30 மில்லிலீற்றருக்குக் குறைந்தால் குழாயை எடுக்கலாம். பலருக்கு இதற்கு ஒரு வாரமளவில் செல்லும். மேலே இறுக்கமான அங்கி சில வாரங்களுக்கு இருக்கும்.

முதல் இரண்டு நாட்களில்தான் பெரிய பயம். உள்ளே இரத்தம் கசிந்து கட்டியாகலாம். ஒரு பக்கம் மட்டும் வீங்கி, கல்லுப்போல இறுகி, வலி கூடிக்கொண்டே போனால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு வர வேண்டும். காய்ச்சல், சீழ், துர்நாற்றம் இருந்தாலும் அப்படித்தான்.

முலைக்காம்பைத் தனியே எடுத்துச் சிறிதாக்கி மீண்டும் பொருத்தியிருந்தால், அதன் மேலுள்ள கட்டை ஒரு வாரமளவு அசைக்கக் கூடாது. புதிய இரத்தோட்டம் பிடிக்க அவ்வளவு காலம் தேவை. சிகரெட் குடிப்பவருக்கு அது பிடிக்காமற் போகும் வாய்ப்பு அதிகம். கட்டை அவிழ்க்கும்போது கறுப்பாகப் பொருக்கு இருந்தால் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலும் மேல் தோல் உரிந்து கீழே புதுத் தோல் வரும்.

மல்லாந்து, தலைப் பக்கத்தை உயர்த்திப் படுக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் வரை தண்ணீர் வாளி, அரிசி மூட்டை எதையும் தூக்கக் கூடாது. தோளுக்கு மேல் கையை உயர்த்தவும் கூடாது. மார்பில் மரப்பு மாதக் கணக்கில் இருக்கலாம். தழும்பு மங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ எடுக்கும். மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வரலாம். மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. அதைக் கண்டு, "செய்தது பிழையெண்டு இப்ப விளங்குதா?" என்று கேட்பது பெரிய கொடுமை.

அவர் விடயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் போன அன்றிரவே இடப்பக்கம் வீங்கத் தொடங்கியிருக்கிறது. வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதே வார்ட்டுக்கு, அதே பெயருக்கு வர மனம் வரவில்லை. மறுநாள் மஃரிபுக்குப் பிறகுதான் உம்மா கூட்டிக் கொண்டு வந்தார். மீண்டும் தியேட்டர். இரத்தக் கட்டியை எடுத்தார்கள். அந்தப் பக்க முலைக்காம்பு பிடிக்கவில்லை.

நாங்கள் மருந்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அன்டிபயோட்டிக் நேரத்துக்குக் கொடுத்தோம், குழாயை அளந்தோம். ஆனால் நோயாளி திரும்பி வர வெட்கப்படும்படி நடந்துகொண்டோம். வெட்கப்படுகிறவர் தாமதித்து வருவார். தாமதித்து வந்தால் காயம் கெடும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான் என்று நான் படித்தது அன்றைக்குத்தான்.

இரண்டாம் முறை பொறுப்புத் தாதியிடம் கதைத்து, வார்ட்டின் ஓரத்தில் இருந்த தனி அறையைக் கொடுத்தோம். டிக்கட்டில் இருந்த பெயரை மாற்ற எங்களுக்கு அதிகாரமில்லை. ஆனால் அதை வாயால் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. கட்டில் இலக்கத்தையும் கைப்பட்டியையும் பார்த்து ஆளை உறுதிசெய்துகொண்டு, அவர் விரும்பிய பெயரால் பேசினோம். உம்மாவிடம் ஒரு விடயத்தைக் கவனித்தேன். அவர் மகன் என்றும் சொல்லவில்லை, மகள் என்றும் சொல்லவில்லை. "புள்ளக்கி ஆணம் குடுக்கலாமா மிஸ்?" "புள்ள தூங்கினதா?" என்றுதான் கேட்பார். மனம் இன்னும் ஒரு முடிவுக்கு வராத தாய்க்கும் நமது பேச்சில் ஒரு சொல் இருந்தது.

ஒரு நாள் அவர் கேட்டார்: "மிஸ், தொழுறது எப்படி?" மார்பு வுழூவின் உறுப்பல்ல. ஆகவே கட்டு வுழூவுக்குத் தடையில்லை. கடமையான குளிப்பு வந்தால், ஷாபிஈ மத்ஹபில் காயமில்லாத இடங்களைக் கழுவி, கட்டின் மேல் தடவி, தயம்மும் செய்ய வழியிருக்கிறது. தக்பீருக்குக் கையை உயர்த்துவது சுன்னத்துத்தான், வலித்தால் விடலாம். சுஜூதில் உடற்பாரம் கைகளில் விழும், மார்பு இழுபடும். எனவே முடியும் வரை உட்கார்ந்து சைகையால் தொழலாம். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகைகள் இவை.

இந்தச் சத்திரசிகிச்சை பற்றி உலமாக்களிடையே ஒரே கருத்து இல்லை. எகிப்தில் 1988இல் அல்அஸ்ஹர் மருத்துவபீட மாணவர் ஒருவர் பெண்ணாக மாறச் சத்திரசிகிச்சை செய்துகொண்டபோது பெரிய சர்ச்சை எழுந்து, முப்தி தன்தாவி ஒரு பத்வா வழங்க வேண்டியேற்பட்டது. ஈரானில் ஆயத்துல்லா குமைனி இதை அனுமதித்தார். மலேசியாவின் பத்வா சபை 1982இலேயே இதைத் தடுத்தது. அந்த விவாதத்தைத் தீர்ப்பது என் வேலையல்ல. ஆனால் நோயாளியைப் பராமரிப்பதில் எந்தப் பக்கத்து ஆலிமும் கருத்து வேறுபாடு கொண்டதை நான் அறியேன்.

இலங்கையில் 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மனநல வைத்திய நிபுணர் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கலாம். அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, அடையாள அட்டையையும் மாற்றிக்கொள்ளலாம். இயலுமானால் சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் இதைப் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. டிக்கட்டில் பெயர் சரியாக விழுந்தால் பாதிப் பிரச்சினை வாசலிலேயே தீரும்.

வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நோய் விசாரிக்கப் போவது நமது நல்ல வழக்கம். ஆனால் இந்த வீட்டுக்கு வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம். போவதென்றால் சோற்றுப் பார்சலோடு போங்கள், தண்ணீர் வாளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் ஆறு வாரம் அதைத் தூக்கக் கூடாது.