ஆப்புக்குப் பெயர் வைக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் ஓமந்தூர், முதல்வராக இருந்த ஓ.பி.ராமசாமி ரெட்டியாரின் ஊர். சென்னையில் ஓமந்தூரார் தோட்டமும் அரசு மருத்துவமனையும் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. இந்த ஊர்க் கல்லூரி மாணவர் ஒருவர் 'ஓமந்தூர் பால்' என்று ஓர் ஆப் செய்கிறார் என வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர் எனக்கு மட்டுமே சொந்தம் என்று யாரும் எளிதில் சண்டைக்கு வர முடியாது. வெறும் இடத்தைக் குறிக்கும் சொல்லுக்கு டிரேட்மார்க் தருவதை, 1999-ம் ஆண்டுச் சட்டத்தின் 9-வது பிரிவு பொதுவாக அனுமதிப்பதில்லை.

அதே மாணவர், வாட்ஸ்அப்பில் வரும் பால் ஆர்டர்களைத் தொகுத்துத் தரும் ஆப்புக்கு 'வாட்ஸ்பால்' என்று பெயர் வைத்தால்? அங்கேதான் சிக்கல். புகார் போனால் பிளே ஸ்டோரிலிருந்து ஆப் நீக்கப்படலாம். சேர்த்த வாடிக்கையாளர்களும் வாங்கிய ஸ்டார்களும் அதோடு போய்விடும்.

ட்விட்டர் சொல்லும் பாடம்

ட்விட்டரின் ஆரம்ப காலத்தில் அதற்கான ஆப்களைப் பெரும்பாலும் வெளியாட்களே செய்தார்கள். 2007-ல் வந்த 'ட்விட்டரிஃபிக்' அதில் முக்கியமானது. 'ட்வீட்' என்ற சொல்லையும் பறவைப் படத்தையும் முதலில் பரப்பியது அந்த ஆப்தான். பிறகு ட்விட்டரே அந்தச் சொல்லுக்கு டிரேட்மார்க் கேட்டது!

2011 பிப்ரவரியில் 'உபர்ட்விட்டர்' என்ற ஆப்பின் இணைப்பை ட்விட்டர் துண்டித்தது. சொன்ன காரணங்களில் டிரேட்மார்க் மீறலும் ஒன்று. 'உபர்சோஷியல்' என்று பெயர் மாற்றிய பிறகே ஆப் மீண்டும் உயிர்பெற்றது.

'பே' யாருக்குச் சொந்தம்?

நம் நாட்டிலும் இந்தச் சண்டை உண்டு. 'பே' என்ற விகுதிக்காக பாரத்பே மீது போன்பே தொடர்ந்த வழக்கில், 2021-ல் இடைக்காலத் தடை விதிக்க டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. 2024-ல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. பெரிய நிறுவனங்கள் வருடக்கணக்கில் வக்கீல் வைத்து வாதாடலாம். தனி ஆளாக ஆப் செய்பவருக்கு ஒரு நோட்டீஸே பெரிய அடி.

என்ன செய்யலாம்?

* உங்கள் சொந்தப் பெயரை முதலில் வையுங்கள். அடுத்தவர் பிராண்டைப் பெயரோடு ஒட்டாமல், எதற்கான ஆப் என்று சொல்ல மட்டும் பயன்படுத்துங்கள். 'ஆண்ட்ராய்டு மீடியா பிளேயர்' என்று வைக்கக் கூடாது, 'ஆண்ட்ராய்டுக்கான மீடியா பிளேயர்' என்றால் சரி என்பதே கூகுளின் விதி.

* அடுத்தவரின் லோகோ, நிறம், எழுத்து வடிவத்தைக் காப்பியடிக்க வேண்டாம்.

* பெயர் வைக்கும் முன் மத்திய அரசின் டிரேட்மார்க் இணையதளத்தில் தேடிப் பாருங்கள், இலவசம்தான். மென்பொருளுக்கு 9, ஆன்லைன் மென்பொருள் சேவைக்கு 42 என்ற வகுப்புகளைப் பாருங்கள்.

* பெயர் கிடைத்துவிட்டால் நீங்களே பதிவு செய்யலாம். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க, ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

2023 ஜனவரியில் வெளியாட்களின் ஆப்களுக்கு ட்விட்டர் மொத்தமாகக் கதவடைத்தது. ட்விட்டரிஃபிக்கும் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ட்விட்டரே 'எக்ஸ்' ஆகிவிட்டது. அடுத்தவர் பெயரில் கடை போட்டால், அவர் போர்டை மாற்றும்போது நாமும் மாற்ற வேண்டும். 'ஓமந்தூர் பால்' போர்டுக்கு அந்தக் கவலை இல்லை!