ரூட்டர் இயந்திரமும் கர்த்தர் தந்த கைகளும்



புதிதாக ஓர் இயந்திரம் வாங்கினால் ஊழியக்காரரை அழைத்து ஜெபம்பண்ணச் சொல்லுவது நம் சபைகளில் வழக்கம். ஆட்டோ, தையல் இயந்திரம், மாவரைக்கும் இயந்திரம் என்று எத்தனையோ பொருள்களின்மேல் கைகளை வைத்து நான் ஜெபித்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் திருப்பதியில், குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்திருந்த ஒரு வாலிபத் தம்பி, தவணையில் வாங்கிய கை ரூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அடுக்குமாடி வீடுகளில் சமையலறை அலமாரி செய்வது அவருடைய வேலை. ஜெபித்து, ஆசீர்வதித்து அனுப்பினேன். இதை இயக்கக் கற்றுக்கொண்டாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் வாரத்தில் செய்தி வந்தது. சிறிய பிளைவுட் துண்டு ஒன்றை இடதுகையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலதுகையால் மைக்காவின் ஓரத்தைச் சீவியிருக்கிறார். இயந்திரம் துள்ளி ஓடிற்று. இடதுகைச் சுட்டுவிரலின் நுனி போய்விட்டது. மருத்துவமனையில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, என் விசுவாசத்தில் குறையா?" என்பதே. அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. குறை விசுவாசத்தில் இல்லை. இயந்திரத்தைத் தள்ளிய திசையில் இருந்தது. அதை நான் அறிந்துகொண்டது, சித்தூர் சபையிலுள்ள மூத்த தச்சர் ஒருவரிடம் போய் இரண்டு நாள் உட்கார்ந்த பிறகுதான். அவர் காட்டிக்கொடுத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

(இன்டர்நெட்டுக்காக வீட்டில் வைக்கும் பெட்டிக்கும் ரூட்டர் என்றுதான் பெயர். இது வேறு. மரத்தில் பள்ளம் எடுக்கவும் ஓரம் சீவவும் பயன்படும் கைக்கருவி. இதில் சிறியதை டிரிம்மர் என்பார்கள்.)

திருப்பதி மாவட்டத்தில் ஏர்ப்பேட்டுக்கு அருகே மாதவமாலா என்னும் கிராமம் மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்றது. அவர்கள் செதுக்கும் உருவங்களைக் குறித்துப் பேச நான் வரவில்லை. உளி பிடிக்கும் முறையைத்தான் சொல்லுகிறேன். உளியைத் தட்டுகிறவனுடைய இரண்டு கைகளும் கூர்முனைக்குப் பின்னால் இருக்கின்றன. வேகமும் அவனுடையதே, அவன் நிறுத்தினால் உளியும் நிற்கும். ரூட்டரோ நிமிடத்திற்கு 30,000 சுற்று வரை சுழலுகிறது. கண்ணுக்கு அதன் பல் தெரிவதேயில்லை. ஆகையால் தலைமுறை தலைமுறையாய் உளிபிடித்த குடும்பத்தில் பிறந்தவரானாலும் இதைப் புதிதாகவே கற்கவேண்டும்.

உபாகமம் 19-ஆம் அதிகாரத்தில், மரம் வெட்டும்போது கோடாரியின் இரும்பு காம்பைவிட்டுக் கழன்று அயலான்மேல் பட்டுச் சாகடிக்கும் சம்பவம் ஒன்றைக் கர்த்தர் முன்கூட்டியே கருதி, அதற்கென்று ஒரு பிரமாணத்தையும் கொடுத்திருக்கிறார். ரூட்டரில் அந்தக் காம்புக்கு ஒப்பானது, பிட்டைப் பற்றிப் பிடிக்கும் கோலெட். முதலில் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிட்டின் தண்டு 6 மில்லிமீட்டரா, கால் அங்குலமா என்று பார்க்கவேண்டும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் கால் அங்குலக் கோலெட்டில் 6 மில்லிமீட்டர் தண்டை மாட்டினால் அது ஒருநாள் கழன்று பறக்கும். தண்டை அடிவரை இறக்கி, பிறகு 2 அல்லது 3 மில்லிமீட்டர் மேலே இழுத்து, அதன்பின் ஸ்பேனரால் இறுக்கவேண்டும். அடியில் முட்டியபடியே இறுக்கினால் பிடிப்பு முழுமையாகாது. கோலெட்டுக்குள் மரத்தூள் சேர்ந்திருந்தாலும் அப்படியே. மழுங்கிய பிட்டு மரத்தைக் கருக்கும்; மேலும் பலமாகத் தள்ளும்படி நம்மைத் தூண்டும். பெரிய ரூட்டருக்கென்று விற்கப்படும் அகலமான பிட்டுகளை வேகம் குறைக்க வழியில்லாத டிரிம்மரில் மாட்டவே கூடாது.

அடுத்தது மரத்தைக் கட்டுவது. பலகையைக் கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கிவிட்டால், இரண்டு கைகளும் இயந்திரத்தைப் பிடிக்க விடுதலையாகின்றன. நம் தம்பியின் விரல் தப்பியிருக்கக்கூடிய இடம் இதுவே. கிளாம்ப் போட இடமில்லாத அளவுக்குச் சிறிய துண்டானால், பெரிய பலகையிலேயே ஓரத்தைச் சீவி முடித்து, பிறகு துண்டை அறுத்தெடுக்கலாம். பழைய மரமானால் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டும்.

இனி திசை. மேலிருந்து பார்த்தால் பிட்டு கடிகாரமுள் சுற்றுகிற திசையில் சுழலுகிறது. பலகையின் விளிம்பு உங்களை நோக்கியிருக்க, இயந்திரத்தை இடமிருந்து வலமாகவே நகர்த்தவேண்டும். பலகையைச் சுற்றிலும் வெளி ஓரம் சீவும்போது கடிகாரமுள்ளுக்கு எதிராகவும், உள்ளே வெட்டிய துளையின் ஓரத்தைச் சீவும்போது கடிகாரமுள்ளின் திசையிலும் போகவேண்டும். அப்போது பல் மரத்தை எதிர்த்து வெட்டும். கையில் ஒரு நிதானமான எதிர்ப்பு தெரியும். மாற்றித் தள்ளினாலோ பிட்டு சக்கரம்போல் மரத்தின்மேல் ஏறி, நம் கையையும் இழுத்துக்கொண்டு ஓடும். அந்தத் தம்பிக்கு நடந்தது அதுவே. இதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது.

ஆழத்தையும் ஒரே தடவையில் எடுக்கக்கூடாது. டிரிம்மரானால் ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் போதும். 9 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டுமானால் மூன்று தடவை. பிட்டு முழு வேகம் பிடித்த பின்பே மரத்தைத் தொடவேண்டும். முழுவதும் நின்ற பின்பே கீழே வைக்கவேண்டும்.

நம் ஊர்களுக்கென்று ஒன்று சொல்லவேண்டும். வேலை நடுவில் மின்சாரம் போனால் டீ குடிக்கப் போய்விடுகிறோம். சுவிட்சு போட்டபடியே இருக்கிறது. மின்சாரம் திரும்பும்போது இயந்திரம் தானாய்ச் சுழன்று மேசையிலிருந்து குதிக்கும். மின்சாரம் போன அந்த நொடியிலேயே அணைத்துப் பிளக்கைக் கழற்றவேண்டும். லுங்கி, தொங்கும் சட்டைக்கை, கையுறை ஆகியவை சுழலும் பிட்டுக்கு அருகே வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடியும், காதுக்கு அடைப்பானும், மூக்குக்கு முகமூடியும் அவசியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-ஆம் ஆண்டிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களோடு சேர்த்திருக்கிறது.

கண்ணாடியும் கிளாம்ப்பும் அவிசுவாசத்தின் அடையாளம் என்று நினைக்கிற சில விசுவாசிகள் உண்டு. மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டும்படி உபாகமம் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறதே, அதை அவர்கள் என்ன செய்வார்கள்? சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் வேலூர் இருக்கிறது. கொல்லிமலையில் 1914-இல் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், மருத்துவம் படிக்கும் முன்னே தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, குஷ்டரோகத்தால் முடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். பின்பு அவர்களுக்கு ஒரு பட்டறையும் வைத்து, மரப்பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். உணர்வற்ற அந்தக் கைகள் கருவிகளால் காயப்படாதபடி பார்த்துக்கொள்ளுவதும் அந்தப் பட்டறையின் பாடமாயிருந்தது. வலி எச்சரிக்காத கைக்குக் கவனமே காவல் என்று அவர் கண்டார். ரூட்டருக்கு முன்னால் நம் எல்லாருடைய கைகளும் ஏறக்குறைய அப்படிப்பட்டவைதான்; வலி தெரியும்முன் வெட்டு முடிந்துவிடுகிறது.

அப்படியே விபத்து நேர்ந்தால், காப்பித் தூளையும் மஞ்சளையும் அப்பாதிருங்கள். சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்கவேண்டும். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் காற்றுப்புகாதபடி கட்டி, அந்த உறையை ஐஸ் தண்ணீரில் வைத்து எடுத்துப்போகவேண்டும். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. ஜெபத்தை வண்டியில் போகும்போதே செய்யலாம்.

அந்தத் தம்பி மீண்டும் அதே இயந்திரத்தில்தான் வேலை செய்கிறார். நானோ, புதிய இயந்திரத்திற்கு ஜெபிக்க அழைப்பு வந்தால், முதலில் பிளக்கைக் கழற்றச் சொல்லி, பிட்டை மாட்டிக் காட்டும்படி கேட்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. ஸ்பேனரைத் தேடி எடுத்துவரும்வரை காத்திருக்கிறேன்.