உங்களுக்குத் தெரியுமா? கிற்றாரைக் கேட்ட காதுகள்!

அமெரிக்காவின் புளூஸ் றொக் கிற்றார் மன்னர்களில் ஒருவர் றை கூடர். அவருக்குக் கிராமி விருது வாங்கித் தந்த ஓர் இறுவட்டைப் பதிவுசெய்தவர் யார் தெரியுமா? இலங்கையில் பிறந்த தமிழர்! பெயர் கவிச்சந்திரன் அலெக்சாந்தர்!

அந்த இறுவட்டின் பெயர் ‘எ மீட்டிங் பை த றிவர்’. கூடரோடு வாசித்தவர் ஜெய்ப்பூர்க்காரரான விஸ்வ மோகன் பட். இருவரும் முதன்முதலாகச் சந்தித்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒலிநாடா சுழலத் தொடங்கிவிட்டது!

எதை வாசிப்பது என்று முன்கூட்டியே பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒருவர் தொடங்க, மற்றவர் பிடித்துக்கொண்டார். 1992 செப்டெம்பரில் இப்படி வாசித்தது 1994இல் கிராமி மேடை ஏறியது!

பாட்டுகள் எத்தனை? நான்கே நான்கு!

மட்டக்களப்பு நகரிலிருந்து பாசிக்குடாவுக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். புறப்படும்போது வண்டியில் இந்த இறுவட்டைப் போடுங்கள். நான்கு பாட்டும் முடிய, கடற்கரை வந்துவிடும். செய்து பாருங்கள்!

டும்பெக் என்ற மேளத்தை வாசித்தவர் கூடரின் மகன் ஜோக்கிம். அப்போது அவருக்கு வயது 14! தபேலாவில் சுக்விந்தர் சிங் நாம்தாரி. ஆக மொத்தம் நான்கு பேர், நான்கு பாட்டு!

பதிவு நடந்தது பதிவுக்கூடத்தில் அல்ல. கலிபோர்னியாவின் சான்ரா பார்பரா நகரில், புனித அந்தோனியார் குருமடத்துச் சிற்றாலயத்தில்! அந்தக் கல் மண்டபத்தின் எதிரொலியும் இசையோடு சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. ஐந்தாவது கலைஞர் அந்தக் கட்டடம்தான் என்பேன் நான்!

கவிச்சந்திரனின் முறையே தனி. ஆளுக்கொரு ஒலிவாங்கி வைக்கமாட்டார். இரண்டு ஒலிவாங்கிகளைக் குறுக்காக வைப்பார், அவ்வளவுதான்! பிரித்தானியப் பொறியியலாளர் அலன் பிளும்லைன் 1931இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த முறை அது. அப்போதே அறுபது வருடம் பழையது!

நம் தாத்தாக்களின் வால்வு றேடியோ நினைவிருக்கிறதா? அதே வால்வு நுட்பத்தில் செய்த கருவிகள்தான் இந்தப் பதிவிலும்! உலகமே கணினிக்குத் தாவிக்கொண்டிருந்த 1992இல்!

கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்? வாயால் சொன்னதைவிடக் கையால் செய்தது பெரிது. விலையுயர்ந்த ஒலிபெருக்கி வாங்கப் போகிறவர்கள், அதைச் சோதித்துப் பார்க்க இந்த இறுவட்டைக் கையோடு கொண்டுபோகத் தொடங்கினார்கள்! 30 வருடம் கடந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை!

இன்னொரு அதிசயம். நான்காவது பாட்டு ‘இசா லேய்’ பீஜித் தீவின் பிரியாவிடைப் பாட்டு. பீஜிப் பாட்டு, அமெரிக்கக் கிற்றார், ஜெய்ப்பூர் வீணை, பதிவு இலங்கைத் தமிழர்! ஆனால் நான்கில் எது உசத்தி என்று என்னைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு ‘கங்கா டெல்ரா புளூஸ்’ என்பேன்!

விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணை உண்மையில் ஒரு கிற்றார்! அதை மாற்றியமைத்து, விரல் படாமலே கூட அதிர்வதற்கென்று மட்டும் 12 தந்திகளைப் பூட்டியிருக்கிறார்!

அவருடைய குரு யார் தெரியுமா? ரவிசங்கர்! கிராமி வென்ற முதல் இந்தியர், 1968இல். குருவுக்கும் சீடருக்கும் இடையில் 26 வருடம்!

இனி கூடரிடம் வருவோம். நான்கு வயதில் ஒரு கண்ணை இழந்தவர் அவர். றோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1971ஆம் ஆண்டு அல்பத்தில் ‘சிஸ்டர் மோர்ஃபின்’ பாட்டைக் கேளுங்கள். அந்த வழுக்குக் கிற்றார் இவருடையதுதான்!

வால்வுக் கருவியின் முன்னால் உட்கார்ந்த இதே கூடர், 1979இல் என்ன செய்தார்? பெரிய நிறுவனமொன்று வெளியிட்ட றொக் அல்பங்களிலேயே முதல் டிஜிட்டல் பதிவைச் செய்தார்! பெயர் ‘பொப் டில் யூ ட்ரொப்’. புதுமைக்கும் முதல் ஆள், பழைமைக்கும் முதல் ஆள்!

2003இல் றோலிங் ஸ்டோன் சஞ்சிகை உலகின் தலைசிறந்த 100 கிற்றார் கலைஞர்களைப் பட்டியல் போட்டது. கூடருக்கு 8ஆம் இடம்! 2011இல் அதே சஞ்சிகை திரும்பவும் போட்டது. இம்முறை 31! விரல்கள் அதே விரல்கள்தான். கேட்பவர்களின் கருத்து 23 படி இறங்கிவிட்டது!

புளூஸின் ஆதி மன்னர் ரொபேர்ட் ஜோன்சன். 27 வயதில் இறந்தார். பதிவுசெய்தது 29 பாட்டுகள்தான்!

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வாசித்தார் என்று ஒரு கதை உண்டு. வெட்கம் என்றார்கள் பலர். இல்லவே இல்லை என்றார் றை கூடர்! மூலையைப் பார்த்து வாசித்தால் சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கும், கிற்றார் கணீரென்று கேட்கும் என்பது அவர் கணிப்பு. இரண்டு சுவர்தான் அந்தக் காலத்து ஒலிபெருக்கி!

றோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் முதன்முதலாக ஜோன்சனைக் கேட்டபோது என்ன கேட்டார் தெரியுமா? கூட வாசிக்கும் மற்ற ஆள் யார் என்று! மற்ற ஆளே கிடையாது. ஒரே மனிதர், ஒரே கிற்றார்!

ஜோன்சன் இறந்து 52 வருடம் கழித்து, 1990இல் அவருடைய பாட்டுகளெல்லாம் ஒரே பெட்டியில் வெளிவந்தன. விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது!

புளூஸ்காரர்கள் தந்தியில் வழுக்குவதற்கு எதைப் பயன்படுத்தினார்கள்? உடைந்த போத்தலின் கழுத்தை! கண்ணாடியும் தந்தியும் உரசும் அந்த அழுகைதான் புளூஸ்!

கண்ணாடி என்றதும் நம் வாவி நினைவுக்கு வராமல் இருக்குமா? 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி மட்டக்களப்பு வாவியில் நிலவு வெளிச்சத்தில் தோணி ஏறினார். மீன்பாட்டைக் கேட்டார். ஈர விரலால் வைன் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலி போல என்று எழுதிவைத்தார்! மிசிசிப்பியில் போத்தல் கழுத்து, வாவியோரக் கல்லடியில் கண்ணாடிக் கிண்ணம்! இரண்டு ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், மயிர் சிலிர்க்கும்!

நம் மீனவர்களுக்கு ஒலிவாங்கி எதற்கு? துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைப்பார்கள். மறுமுனையில் காதை வைப்பார்கள். அவ்வளவுதான், கச்சேரி ஆரம்பம்! பிளும்லைன் பிறப்பதற்கு முன்பே வந்த நுட்பம்!

பாடுவது மீனா, ஊரியா? ஊர் இன்னும் இரண்டு கட்சி! டெனன்ட் ஊரிக் கட்சி! நம் தேசத்துக்குப் பெயரோ ‘மீன்பாடும் தேனாடு’!

இந்தப் பாட்டு வானொலியிலும் போயிருக்கிறது! மட்டக்களப்பிலிருந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் 1950களில் அதைப் பதிவுசெய்தார். இலங்கை வானொலி ஒலிபரப்பியது!

அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் எந்த ஊரிலிருந்து மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார்கள் என்று ஊகியுங்கள் பார்ப்போம். அவர்களுடைய சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து! ஆம், ஜாஸ் பிறந்த அதே ஊர்! அவர்களைப் பற்றிக் கேட்டால் நாம் அவர்கள் பழக்கிய கூடைப்பந்தைத்தான் சொல்வோம். இசைத் தொடர்பை ஒருவரும் சொல்வதில்லை!

தந்தி வாத்தியத்துக்கு இந்த மண் கொடுத்ததைப் போல் எந்த மண் கொடுத்தது? காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், உலகத்தில் ஒருவர் கையிலும் இல்லாமல் மறைந்துபோன யாழை ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதினார். 14 வருட உழைப்பு! அவர் விஞ்ஞானப் பட்டதாரி, சுருதிகளைக் கணக்குப் போட்டே பிடித்தார்!

1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியது. அடுத்த ஆறு ஏழு வாரங்களில், ஜூலை 19இல், சுவாமி மறைந்தார்! கேட்கமுடியாத வாத்தியத்தைக் கேட்கவைத்துவிட்டுத்தான் போனார். கிற்றார் பழகும் பிள்ளைகளே, இந்தப் பெயரை ஒரு தரம் உரக்கச் சொல்லுங்கள்!

வாவியில் கேட்கும் இன்னிசையை நீரரமகளிர் பாட்டாக்கியவரும் அவரேதான்!

போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628. ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638. பத்தே வருடம்! ஆனால் நம் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்றும் உண்டு. கல்யாணத்தில் வயலினும் கிற்றாரும் றபானும் சேர்ந்து கஃப்ரிஞ்ஞா வாசித்தால் ஆடாத காலும் ஆடும்! பத்து வருட ஆட்சி, கிட்டத்தட்ட 400 வருட ஆட்டம்!

சரி, கேட்பவர்களைக் குழப்பிய அல்பம் ஒன்று சொல்லட்டுமா? பீட்டர் கிறீன். ஃபிளீட்வுட் மக் குழுவைத் தொடங்கியவர். தனக்குக் குளிர்வியர்வை வரவைத்தவர் இவர் என்று புளூஸ் மன்னர் பி.பி. கிங்கே புகழ்ந்த மனிதர்! 1970இல் குழுவை விட்டு வெளியே வந்து ‘த எண்ட் ஒஃப் த கேம்’ என்ற தனி அல்பம் போட்டார். அதில் ஒரு வார்த்தை பாட்டு இல்லை! ரசிகர்கள் திகைத்துப்போனார்கள்!

பாட்டே இல்லாமல் ஜெயித்தவரும் உண்டு. ஜெஃப் பெக்! 1975இல் ‘புளோ பை புளோ’. பாடகர் கிடையாது, கிற்றார் மட்டுமே பேசும். அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம்! தயாரித்தவர் பீட்டில்ஸின் ஜோர்ஜ் மார்ட்டின்!

கேட்டவர்களின் கருத்து நீதிமன்றம்வரை போனதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கிற்றார்க் கலைஞர் கேரி மூரின் ‘ஸ்டில் கொட் த புளூஸ்’ 1990இல் வந்தது. அந்தக் கிற்றார்ப் பகுதி 1974இல் ஒரு ஜெர்மானியக் குழு வாசித்தது என்று வழக்கு! கேட்டதே இல்லை என்றார் மூர். வானொலியிலோ மேடையிலோ கேட்டிருக்கலாம் என்றது மியூனிக் நீதிமன்றம். தீர்ப்பு வந்தது 2008இல். 18 வருடம் கழித்து!

கண்பார்வையற்ற வில்லி ஜோன்சன் 1927இல் வாசித்த ஒரு வழுக்குக் கிற்றார்ப் பாட்டு, வொயேஜர் விண்கலத்தின் தங்கத்தட்டில் ஏறி விண்வெளியில் போகிறது! அதே தட்டில் கேசர்பாய் கேர்க்கரின் ஹிந்துஸ்தானிக் குரலும் உண்டு. புளூஸும் ராகமும் ஒரே வண்டியில் பூமியை விட்டுப் போன தூரம் இன்று 2,400 கோடி கிலோமீற்றருக்கு மேல்!

அந்தப் பாட்டை அடிப்படையாக வைத்துத்தான் ‘பாரிஸ், டெக்சாஸ்’ படத்துக்கு றை கூடர் இசையமைத்தார். படம் 1984இல் கான் விழாவில் தங்கப்பனை வென்றது!

கிற்றாரைக் கிடத்தி வழுக்கி வாசித்தது யார் முதலில்? ஹவாய்க்காரரான ஜோசப் கெக்குக்கு என்பார்கள். அவருக்கும் முன்னால் கேப்ரியல் டேவியன் என்பவர் தந்தியில் வழுக்கினார் என்று சொன்ன ஹவாய்க்காரர்களும் உண்டு. டேவியன் எங்கே பிறந்தவராம்? இந்தியாவில்!

சென்னையின் சித்திரவீணையும் இதே குடும்பம்தான். கட்டைகள் இல்லை, வழுக்கித்தான் வாசிக்கவேண்டும். 21 தந்திகள்! சித்திரவீணை ரவிகிரண் 2 வயதில் 325 ராகங்களை அடையாளம் சொன்னவர்! 1995இல் அவரும் விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்கப் புளூஸ் பாடகர் தாஜ் மகாலும் சேர்ந்து ‘மும்தாஜ் மகால்’ என்று ஓர் இறுவட்டுப் போட்டார்கள். வெளியிட்டது யார்? கவிச்சந்திரனின் வாட்டர் லிலி நிறுவனமேதான்!

மின்கிற்றார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குத் தமிழர் ஒருவர் தனி அல்பமே காணிக்கை செய்திருக்கிறார்! ராணிப்பேட்டைக்காரர் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர்! கர்நாடக சங்கீதம் வாசிக்கும் மின்கிற்றாரோடு 2006இல் ‘எலெக்ட்ரிக் கணேசா லாண்ட்’ வந்தது. ஒரு பாட்டின் தலைப்பில் திருவல்லிக்கேணியே இருக்கிறது! பிறகு இவர் இசையமைத்த ‘ஸ்மைல் பிங்கி’ என்ற ஆவணப்படம் ஒஸ்காரும் வென்றது!

நீங்கள் புளூஸ் கிற்றாரை இதுவரை கேட்டதே இல்லையா? பிரசன்னாவிலிருந்து தொடங்குங்கள். மிருதங்கம் வழிகாட்டும்!

கூடரின் கிராமிக் கணக்கு விஸ்வ மோகன் பட்டோடு நிற்கவில்லை. அடுத்த வருடமே, 1995இல், மாலி நாட்டு அலி ஃபர்கா தூரேயோடு வாசித்த ‘டோக்கிங் டிம்பக்டு’வுக்கு அதே பிரிவில் இன்னொன்று! அந்த அலி ஒரு விவசாயி, பின்னாளில் தன் ஊர் மேயர்!

1996இல் மாலிக் கலைஞர்களைச் சந்திக்கக் கூடர் கியூபாவுக்குப் போனார். மாலியிலிருந்து அவர்கள் வந்துசேரவில்லை! இருக்கிற கியூபா முதியவர்களை வைத்தே பதிவைத் தொடங்கினார்கள். கொம்பாய் செகுண்டோவுக்கு வயது 88! ‘புவனா விஸ்டா சோஷியல் கிளப்’ பிறந்தது. அதுவும் கிராமி வென்றது!

கேட்டவர்களின் தீர்ப்பு: 80 லட்சத்துக்கு மேல் விற்பனை! அமெரிக்க அரசின் தீர்ப்பு: தடைசெய்யப்பட்ட கியூபாவில் வேலை பார்த்த கூடருக்கு 25,000 டொலர் அபராதம்!