ரிசல்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம்... தடுமாறும் கல்லூரி மாணவர்களை முதல் மாதத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி?

"காலேஜ் எப்படி போகுது தம்பி?"

"நல்லாதான் போகுதும்மா."

பல வீடுகளில் முதல் செமஸ்டர் முழுக்க நடக்கும் உரையாடல் இவ்வளவுதான். ரிசல்ட் வந்து மூன்று நான்கு அரியர் என்று தெரியும்போதுதான் வீட்டுக்கே அதிர்ச்சி. அதற்குள் பாதி ஆண்டு ஓடிவிடும். ஆனால், தடுமாற்றம் அன்றைக்கு வந்தது இல்லை. முதல் சில வாரங்களிலேயே அறிகுறி தெரியும். அதைப் பார்க்க ஆள் இருந்தார்களா என்பதுதான் கேள்வி.

என்னென்ன அறிகுறிகள்?

* வருகைப்பதிவு: தேர்வு எழுத பொதுவாக 75% வருகை தேவை. செமஸ்டர் கடைசியில் பட்டியல் ஒட்டும்போது பார்ப்பதில் பயனில்லை. தொடர்ந்து 3, 4 நாள் வரவில்லை என்றாலே விசாரிக்க வேண்டும்.

* முதல் இன்டர்னல் தேர்வு: முக்கியமாக கணிதம், புரோகிராமிங் போன்ற அடிப்படைப் பாடங்களில் மார்க் குறைந்தால், அடுத்த செமஸ்டர் பாடமும் சிக்கலாகும்.

* அசைன்மென்ட், லேப் ரெக்கார்டு: தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவருக்குப் பாடம் புரிந்திருக்கலாம், ஆங்கிலத்தில் எழுதத்தான் தயக்கம். வெளியில் பார்த்தால் அது சோம்பேறித்தனம் போலத் தெரியும்.

* கட்டண பாக்கி: ஃபீஸ், ஹாஸ்டல் மெஸ் பில் கட்ட முடியாமல் கல்லூரிக்கு வருவதையே தவிர்ப்பவர்களும் உண்டு.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஏழை மாணவர்களும், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருபவர்களும் அதிகம். 2003-ல் அங்கு 6 ஆண்டுக்குள் பட்டம் பெறுவோர் 32% அளவில்தான் இருந்தார்கள்.

2012-ல் புதிய முறை வந்தது. மார்க், பாடத்தேர்வு என சுமார் 800 அறிகுறிகளை கணினி தினமும் சரிபார்க்கும். ஒன்று தட்டுப்பட்டாலும் ஆலோசகருக்குத் தகவல் போகும். அவர் மாணவரை அழைத்துப் பேசுவார். சிறு தொகை பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படும் நிலையில் இருந்தவர்களுக்கு பல்கலைக்கழகமே உதவித்தொகை கொடுத்தது. பட்டம் பெறுவோர் விகிதம் பின்னர் 50 சதவீதத்தைத் தாண்டியது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் சாஃப்ட்வேர் மட்டும் வாங்கவில்லை. 40-க்கும் மேற்பட்ட ஆலோசகர்களையும் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். கணினி மணி அடிக்கும், ஆனால் பேசுவதற்கு மனிதர்தான் வேண்டும்.

நம் ஊரில் என்ன வழி?

பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. முதலாமாண்டு மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பேராசிரியரை வழிகாட்டியாக நியமிக்கும் முறையை யுஜிசி, ஏஐசிடிஇ இரண்டுமே பரிந்துரைக்கின்றன. பல கல்லூரிகளில் 'மென்டர்' என்ற பெயரில் இது இருக்கிறது. ஆனால் செமஸ்டருக்கு ஒரு முறை கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிட்டால் பயனில்லை. வருகை, இன்டர்னல் மார்க், அசைன்மென்ட், கட்டணம் ஆகிய நான்கையும் மாதம் ஒரு முறை ஒரே தாளில் வைத்துப் பார்த்தாலே யாருக்கு உதவி தேவை என்று புரிந்துவிடும்.

கேட்கும் விதமும் முக்கியம். வகுப்பில் எல்லோர் முன்பும் "ஏன் மார்க் குறைஞ்சுது?" என்று கேட்டால் மாணவர் ஒதுங்கிவிடுவார். தனியாக அழைத்து "எந்த இடத்துல புரியல?" என்று கேட்டால் பதில் வரும். மொழிப் பிரச்சனை என்றால் இருமொழியில் விளக்கம், பணப் பிரச்சனை என்றால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன், முதல் பட்டதாரி சலுகை போன்றவை கிடைக்குமா என்று பார்த்துச் சொல்வது என, காரணத்துக்கு ஏற்ற உதவி வேண்டும்.

பெற்றோர், மாணவர் என்ன செய்யலாம்?

பெற்றோர் "நல்லா படிக்கிறியா?" என்பதற்குப் பதில், "எந்தப் பாடம் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். கல்லூரியிலிருந்து போன் வந்தால் உடனே திட்ட வேண்டாம். திட்டு விழுந்தால் அடுத்த முறை பிள்ளை மறைக்கத்தான் செய்யும்.

மாணவர்கள், முதல் இன்டர்னலில் மார்க் குறைந்தால் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று விடாமல் அந்த வாரமே மென்டரையோ சீனியரையோ பாருங்கள். மன அழுத்தம் அதிகமாக இருந்தால் 14416 என்ற டெலிமனாஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

முதல் மாதத்தில் கேட்டால் அது ஒரு பாடத்தில் சந்தேகம். ரிசல்ட் வந்த பிறகு கேட்டால், "படிப்பை விட்டுடலாமா?" என்ற யோசனையாகவே அது மாறியிருக்கலாம்.