பழைய லோடு வண்டி வாங்கும் முன்

நமது டிரஸ்ட்டில் வட்டியில்லாக் கடன் பெற்று பழைய டீசல் பிக்கப் வாங்கும் சகோதரர்கள் அதிகரித்து வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சென்ற ஆண்டு ஒரு சகோதரர் வாங்கிய வண்டியை மூன்றாம் மாதமே ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துச் சென்றுவிட்டனர். விற்றவர் தவணை பாக்கி வைத்திருந்தார். வண்டி போனது, கடன் நின்றது.

ஆகவே முதலில் ஆர்சியைப் பாருங்கள். அதில் ஹைபோதிகேஷன் பதிவு இருந்தால், கடன் கொடுத்தவரின் என்ஓசியும் கையொப்பமிட்ட படிவம் 35-ம் வரும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். சேஸிஸ் எண்ணை வண்டியிலேயே பார்த்து ஒப்பிடுங்கள். 8 வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி உண்டு. அது முடியும் தறுவாயில் விற்கிறார்கள் என்றால் வெல்டிங், பெயின்ட் செலவு உங்கள் தலையில்தான்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். காலையில் சொல்லாமல் போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கக்கூடும். சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கிலோமீட்டர் கணக்கை நம்புவதைவிட கிளட்ச் பெடலின் தேய்மானத்தை நம்பலாம். ஓவர்லோடு அடித்த வண்டியை ஸ்பிரிங் பட்டையும் சேஸிஸ் வெல்டிங்கும் காட்டிக் கொடுக்கும்.

இனி மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே காசோலை தருவதென முடிவு செய்துள்ளோம். அவர் கூலி டிரஸ்ட்டின் பொறுப்பு.